ஏழுக்கு ரெண்டு

2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, பங்குனி உத்திரம். அன்றைக்கு நான் வேப்பந்தட்டையில் இருந்தேன். பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டில் இருக்கிற ஊர். மச்சினர் வீட்டில் ஒரு சின்ன விசேஷம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் கிளம்பியிருக்கலாம். 'இருங்க மாப்ள, நாளைக்குப் போவலாம்' என்று நிறுத்திவிட்டார்கள். எதற்கு நிறுத்தினார்கள் என்பது ராத்திரி ஏழரை மணிக்குத்தான் புரிந்தது. சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கும் கொல்கத்தாவுக்கும் மேட்ச்.

உள்ளே டி.வி.யில் சீரியல். அதில் கை வைக்க யாருக்கும் தைரியமில்லை. திண்ணையில் மொபைலை சொம்பின்மேல் சாய்த்து வைத்து, பன்னிரண்டு பேர் தலையை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மஞ்சள் சட்டைப் பையன்களோடு வந்திருந்தார். சட்டைகளின் முதுகில் 7.

நீங்களும் அந்த மேட்சைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். சென்னை 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103. சேப்பாக்கத்தில் சென்னை அணி எடுத்த ஆகக் குறைந்த ஸ்கோர். நடுவில் பத்து ஓவர் போல ஒரு பவுண்டரி கூட இல்லை. திண்ணையில் கொட்டாவிச் சத்தம்தான் கேட்டது. கொல்கத்தா 10.1 ஓவரில் இரண்டு விக்கெட்டை மட்டும் இழந்து கதையை முடித்தது. 59 பந்து மிச்சம். சுனில் நாராயண் 13 ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தார். பிறகு அவரே வந்து 18 பந்தில் 44 அடித்தார். ஒரே ஆள் சமைத்து, ஒரே ஆள் பரிமாறி, ஒரே ஆள் இலையும் எடுத்த மாதிரி.

தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. 2008-லிருந்து ஆடுகிற அணிக்கு ஒரே சீஸனில் அதுவரை இப்படி நடந்ததில்லை. சொந்த மைதானத்தில் வரிசையாக மூன்று தோற்றதும் முதல் முறை. மூன்று நாள் கழித்து, சித்திரை ஒன்றாம் தேதி, லக்னோவில் ஒரு வெற்றி கிடைத்தது. ஆக, 14 லீக் மேட்சில் ஏழு முடிந்தபோது கணக்கு ஏழுக்கு ரெண்டு. பாதி சீஸன்.

இந்தப் பாதியைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும். முழு சீஸனைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. பத்து அணியில் பத்தாவதாக வந்தார்கள், அவ்வளவுதான். முடிந்த பிறகு எல்லோருக்கும் எல்லாம் தெரியும். பாதியில் என்ன தெரிந்தது, அதைப் பார்க்க ஏன் மறுத்தோம் என்பதுதான் விஷயம்.

'ஏழுக்கு ரெண்டு' என்றதும் சென்னை ரசிகர்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: 'சார், 2010 ஞாபகம் இருக்கா?' இருக்கிறது. 2010-லும் முதல் ஏழில் இரண்டுதான் ஜெயித்தார்கள். பஞ்சாபிடம் சூப்பர் ஓவரில் தோற்றதைச் சேர்த்து வரிசையாக நான்கு தோல்வி. அப்புறம் எழுந்தார்கள். தர்மசாலாவில் கடைசி ஓவரில் 16 வேண்டும் என்றபோது, இர்ஃபான் பதானைத் தோனி இரண்டு சிக்ஸர் அடித்துவிட்டுத் தன் ஹெல்மெட்டில் தானே ஒரு குத்து விட்டாரே, அந்த வருஷம். கடைசியில் கோப்பையும் வாங்கினார்கள்.

இதே கணக்கு இன்னும் இரண்டு முறை வந்திருக்கிறது. 2020-ல் அமீரகத்தில் முதல் ஏழில் இரண்டு. ஏழாவது இடத்தில் முடித்தார்கள். 2022-ல் முதல் ஏழில் இரண்டு. ஒன்பதாவது இடம். ஆனால் 2021-ல் கோப்பை, 2023-ல் கோப்பை. 'பார்த்தீங்களா, விழுந்தா எழுந்திருப்போம்' என்று சொல்வதற்கு இது போதுமான ஆதாரம் என்று ரசிகர்கள் நினைத்தார்கள். அணியை நடத்துகிறவர்களும் நினைத்தார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

விழுந்தவன் தானாக எழுந்திருப்பதில்லை. எதையோ பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறான். 2010-ல் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். ராஜஸ்தானுக்கு எதிராக முரளி விஜய் 56 பந்தில் 127. நடு வரிசையில் பத்ரிநாத். பந்து போட அஷ்வின் என்கிற 23 வயதுப் பையன். பாலாஜி. எல்லாம் நம் ஊர் லீக் கிரிக்கெட்டில் வெயிலில் காய்ந்தவர்கள். 2020-ல், இளைஞர்களிடம் பொறி தெரியவில்லை என்கிற மாதிரி தோனி சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் எல்லாம் போன பிறகு ருதுராஜ் கெய்க்வாட்டை இறக்கினார்கள். அவர் வரிசையாக மூன்று அரை சதம் அடித்தார். அடுத்த வருஷம் 635 ரன்னோடு ஆரஞ்சு தொப்பி. ஆக, ஒவ்வொரு முறையும் காப்பாற்றியது ஏதோ ஒரு புதுக் கை. பழைய கை அல்ல.

2025-ன் முதல் பாதியில் அந்தப் புதுக் கை எங்கே? ஏலத்தில் வாங்கியவர்களைப் பாருங்கள். ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர். மூன்று பேரும் நல்ல ஆட்டக்காரர்கள்தான், நான்கைந்து வருஷத்துக்கு முன்னால். அஷ்வினை 9.75 கோடிக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். அவர் மேல் எனக்கு அபார மரியாதை. ஆனால் அவருக்கு வயது 38. மகளுக்குக் கல்யாணம் செய்த பிறகு பழைய ஜாதகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பொருத்தம் பார்த்த மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி திண்ணையில் என் மச்சினர் ஒன்று சொன்னார். அவர் பருத்தி விவசாயி. கரிசல் காடு, மானாவாரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் அந்த ஊரில்தான் இருக்கிறது. அதனால் விதையைப் பற்றி அங்கே யாரிடமும் வாய் கொடுக்க முடியாது. "மாப்ள, வெத பழசு. இனிமே மருந்தடிச்சு என்னா, தண்ணி கட்டி என்னா?" என்றார். நான் அதுவரை யோசித்து வைத்திருந்த ஆய்வுக் குறிப்பெல்லாம் அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போயிற்று. இருந்தாலும் காலம் எழுதிப் பிழைக்கிறவன், விட முடியுமா?

*

ஐந்து தோல்வியையும் வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் ஆறு ரன்னில் தோற்றபோது கையில் நான்கு விக்கெட் மிச்சம். சேப்பாக்கத்தில் டெல்லியிடம் 25 ரன்னில் தோற்றபோது ஐந்து விக்கெட் மிச்சம். முல்லன்பூரில் பஞ்சாபிடம் 18 ரன்னில் தோற்றபோதும் ஐந்து விக்கெட் மிச்சம். இருபது ஓவர் கிரிக்கெட்டில் விக்கெட் என்பது செலவழிக்க வேண்டிய பணம். பீரோவில் பணத்தை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்து செத்தவனை நாம் கஞ்சன் என்போம்.

இதில் டெல்லி மேட்ச்தான் மோசம். 184 எடுக்க வேண்டும். பதினோராவது ஓவரில் ஐந்து விக்கெட் போய் 74. விஜய் சங்கரும் தோனியும் சேர்ந்தார்கள். கடைசி வரை அவுட்டாகவே இல்லை. விஜய் சங்கர் 54 பந்தில் 69. தோனி 26 பந்தில் 30. இரண்டு பேரும் நாட் அவுட், அணி மட்டும் அவுட். இதை நீங்கள் டெஸ்ட் மேட்சில் செய்தால் மெடல் கொடுப்பார்கள். 2010-க்குப் பிறகு டெல்லி சேப்பாக்கத்தில் ஜெயித்தது அன்றுதான். அதற்கு எட்டு நாள் முன்னால் பெங்களூரு அதே மைதானத்தில் 50 ரன்னில் ஜெயித்தது, 2008-க்குப் பிறகு முதல் முறையாக. பெங்களூருவின் பேட்டிங் பயிற்சியாளர் யார் தெரியுமா? நம்ம தினேஷ் கார்த்திக். சேப்பாக்கத்து மண்ணின் குணத்தைச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு ஆள் கிடைத்தது. நம் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃப்ளெமிங்கோ அந்த மேட்சுக்குப் பிறகு, சேப்பாக்கத்தில் தங்களுக்கு சொந்த ஊர் அனுகூலம் எதுவும் இல்லை, பிட்ச்சைக் கணிக்கவே முடியவில்லை என்றார். உண்மையைச் சொன்னார், பாராட்ட வேண்டும். ஆனால் வீட்டுக்காரரே 'என் வீட்டில் ஸ்விட்ச் எங்கே இருக்குன்னு தெரியலை' என்றால் விருந்தாளி என்ன செய்வார்? தானே விளக்கைப் போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டார்கள்.

ருதுராஜை மட்டும் நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். தொடக்க ஆட்டக்காரர் இடத்தை விட்டுக்கொடுத்து மூன்றாவதாக இறங்கினார். அது தப்புக் கணக்கு. ஆனால் குவாஹாட்டியில் முழங்கையில் அடி வாங்கி, அதோடு இன்னும் இரண்டு மேட்ச் ஆடினார். எலும்பு முறிவு என்று பிறகு தெரிந்தது. சீஸனே முடிந்துபோனது. பந்து வீச்சிலும் பெரிய புகார் இல்லை. நூர் அகமது முதல் மேட்சிலேயே மும்பைக்கு எதிராக 18 ரன்னுக்கு நான்கு விக்கெட் எடுத்தார். கலீல் அகமதும் உழைத்தார். வியாதி முழுக்க பேட்டிங்கில்.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். இதை எழுதினால் எனக்கு வரப்போகிற கடிதங்களின் வாசகம் இப்போதே தெரிகிறது. பரவாயில்லை.

பெங்களூருவோடு ஆடியபோது தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். அஷ்வினுக்கும் பின்னால். மேட்ச் கை நழுவிப்போன பிறகு வந்து 16 பந்தில் 30 அடித்தார். மைதானம் அதிர்ந்தது. கொல்கத்தா மேட்சிலும் ஒன்பதாவது. நான்கு பந்து, ஒரு ரன். அவர் முழங்கால் முன்போல இல்லை, பத்து ஓவர் நின்று ஆட முடியாது என்று ஃப்ளெமிங்கே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 43 வயதில் அது இயற்கை. ஸ்டம்புக்குப் பின்னால் அவர் கை இன்னும் மின்னல்தான். சூர்யகுமாரை ஸ்டம்பிங் செய்ததைப் பார்த்தீர்கள் அல்லவா. லக்னோவில் 11 பந்தில் 26 அடித்து ஜெயிக்கவும் வைத்தார், ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார். ஆனால் பத்து பந்து மட்டும் ஆடக்கூடிய ஒரு பேட்ஸ்மேனை அணியில் வைத்தால், அந்தப் பத்து பந்து எப்போது வருமோ என்று மற்ற பத்துப் பேரும் அணிவகுப்பை வளைக்க வேண்டியிருக்கிறது. 'அவருக்கு மிச்சம் வைக்கணும்' என்கிற நினைப்பிலேயே நடு ஓவர்கள் கரைந்துபோகின்றன. கொல்கத்தா மேட்சில், அவரை இன்னும் பின்னால் தள்ளுவதற்காகவே ஹூடாவை இம்பாக்ட் ஆட்டக்காரராக முன்னால் இறக்கின மாதிரி இருந்தது. ஹூடா பூஜ்யம்.

சரி, தோனியைச் சொல்லியாயிற்று. இனி உங்களையும் என்னையும்.

மார்ச் 23, மும்பையோடு முதல் மேட்ச். ஜெயிக்க நான்கு ரன். ஜடேஜா ரன் அவுட் ஆனார். சேப்பாக்கம் எழுந்து நின்று கத்தியது. துக்கத்தில் அல்ல, ஆனந்தத்தில். அடுத்து வரப்போகிறவர் தோனி. தன் அணியின் விக்கெட் விழுந்ததற்குக் கொண்டாடுகிற கூட்டத்தை உலகத்தில் வேறு எந்த விளையாட்டிலாவது பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. வந்த தோனி இரண்டு பந்து ஆடினார், ரன் இல்லை. கடைசி ஓவர் முதல் பந்தில் ரச்சின் ரவீந்திரா சிக்ஸர் அடித்து முடித்துவிட்டார். பாவம், 65 ரன் எடுத்து அணியை ஜெயிக்க வைத்த அந்தப் பையன், ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரு ரன் எடுத்து அந்தப் பக்கம் ஓடியிருக்கக் கூடாதா என்று திட்டினவர்களை நான் அறிவேன். என் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

ஜடேஜா யார்? 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும் என்றபோது ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்து ஐந்தாவது கோப்பையைக் கொண்டுவந்தவர். அதே மேட்சில் தோனி முதல் பந்தில் அவுட். அந்த மனிதர் அவுட்டாவதற்குத்தான் நாம் விசில் அடித்தோம். 2025 நவம்பரில் அவர் ராஜஸ்தானுக்குப் போய்விட்டார், பதிலுக்கு சஞ்சு சாம்சன் வந்தார். அது வியாபாரம், அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் போகிற அன்றைக்கு அந்த விசில் சத்தம் அவர் காதில் கேட்டிருக்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு அணி தன் ரசிகர்களைக் கெடுக்குமா, ரசிகர்கள் அணியைக் கெடுப்பார்களா? இரண்டும் நடக்கும். சட்டை விற்கிறது, டிக்கெட் விற்கிறது, தோற்றாலும் மைதானம் நிறைகிறது என்றால், மாற வேண்டும் என்று யாருக்கு அவசரம்? தோற்றுக்கொண்டே இருந்தாலும் கைத்தட்டல் குறையவில்லை என்றால் அந்தக் கைத்தட்டலில் ஏதோ கோளாறு. நம் சினிமாவில் இதைப் பார்த்துப் பழகியவர்கள்தானே நாம். ஹீரோவின் அறிமுகக் காட்சிக்குக் காசை வீசிவிட்டு, கதை எங்கே என்று இடைவேளையில் தேடுவது.

*

கொல்கத்தா மேட்ச் பாதியில் மச்சினரின் மகன் ஒரு கேள்வி கேட்டான். ப்ளஸ் ஒன் படிக்கிறான். டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் இடது கை வேகப்பந்து. பருத்தி எடுத்து முடித்து வெறுங்காடாகக் கிடக்கிற ஏப்ரல் மாதத்துக் கரிசலில், வெடிப்புக்கு நடுவே பிட்ச் போட்டு ஆடுகிற கோஷ்டி அவனுடையது. ஆத்தூர் பக்கம் போனால் சேலம் மாவட்டம். அங்கே சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் என்று ஒருவர் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டே இந்திய அணி வரை போனார். அதிலிருந்து இந்தப் பக்கம் இடது கைப் பையன்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

"மாமா, இதுல நம்ம ஆளு யாரு?"

நான் எண்ணிப் பார்த்தேன். சென்னை பதினொன்றில் அஷ்வின், விஜய் சங்கர். ஆண்ட்ரே சித்தார்த் என்ற பையனை 30 லட்சத்துக்கு வாங்கி பெஞ்சில் வைத்திருந்தார்கள். குர்ஜப்னீத் சிங் காயம். எதிரணியில் வருண் சக்கரவர்த்தி, அன்றைக்கு இரண்டு விக்கெட் எடுத்தார். பையனுக்குச் சொன்னேன். அவன் விடவில்லை.

"சாய் சுதர்சன்?"

குஜராத்.

"சாய் கிஷோர்?"

அவரும் குஜராத்.

"வாஷிங்டன் சுந்தர், ஷாருக் கான்?"

குஜராத், குஜராத்.

சாய் சுதர்சனை 2022 ஏலத்தில் குஜராத் வாங்கியது வெறும் 20 லட்சத்துக்கு. சேப்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் வளர்ந்த பையன். 2023 இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராகவே 47 பந்தில் 96 அடித்துக் காட்டினார். 2025-ல் 759 ரன், ஆரஞ்சு தொப்பி. எட்டு அணி வைத்து 2016-லிருந்து தமிழ்நாடு பிரீமியர் லீக் நடத்துகிறோம். அதில் முளைப்பதை அகமதாபாத்காரர்கள் கண்டுபிடித்து எடுத்துப் போகிறார்கள். அணியில் எல்லோரும் தமிழர்களாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது மடத்தனம். ஆட்டம் தெரிந்தவன் எந்த ஊர்க்காரனாக இருந்தால் என்ன, ஹஸ்ஸியையும் பிராவோவையும் நாம் மாப்பிள்ளை மாதிரி வைத்துக்கொள்ளவில்லையா? ஆனால் ஃபார்ம் போன வெளியூர்க்காரரை வாங்குகிற காசில், பசியோடு இருக்கிற உள்ளூர்க்காரரை வாங்கியிருக்கலாம் அல்லவா? மஞ்சள் சட்டை வாங்க பெரம்பலூர் வரை பஸ்ஸில் போகிற பையனுக்கு, அந்தச் சட்டைக்குள் ஒரு நாள் தானும் போகலாம் என்கிற வழி ஒன்று தெரிய வேண்டாமா?

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், இரண்டாவது பாதியில் கண் திறந்தார்கள். லக்னோவில் ஷேக் ரஷீத் என்கிற 20 வயதுப் பையனைத் தொடக்கத்தில் இறக்கினார்கள். அஷ்வினை உட்கார வைத்தார்கள். அடுத்த மேட்சில் 17 வயது ஆயுஷ் மாத்ரே வந்தார். பெங்களூருவில் 48 பந்தில் 94 அடித்தார். டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் என்று முகங்கள் மாறின. கடைசி மேட்சில் குஜராத்தை 83 ரன்னில் அடித்தார்கள். அதற்குள் ஏப்ரல் 30-ம் தேதியே வெளியேறியாகிவிட்டது. மழை வந்தது, பயிர் காய்ந்த பிறகு. டிசம்பர் 2025 ஏலத்தில் ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து இரண்டு இளம் பையன்களை வாங்கினார்கள், பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்று. பயந்து போய்விட்டார்கள் என்று தெரிகிறது. பயம் நல்லதுதான்.

அன்று ராத்திரிக்குத் திரும்புகிறேன். பத்து மணி சுமாருக்கு மேட்ச் முடிந்தது. நல்ல நிலா. சொம்பை எடுத்துக்கொண்டு மச்சினர் உள்ளே போனார். பக்கத்து வீட்டுக்காரரின் சின்ன மகன், ஆறேழு வயது இருக்கும், மஞ்சள் சட்டையோடு திண்ணையிலேயே தூங்கியிருந்தான். அப்பா தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தூக்கத்தில் கண்ணை விழித்து, "தோனி எறங்கிட்டாராப்பா?" என்றான்.

"எறங்கிட்டாருடா."

"ஜெயிச்சிட்டமா?"

அவர் என்னைப் பார்த்தார். "ஆமாண்டா, தூங்கு" என்று சொல்லிவிட்டு இருட்டில் நடந்தார்.